முப்பத்தொரு கையெழுத்து

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ராக்கெட் டீச்சர். தமிழ்ப் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அறிவியல் புனைகதை எழுதச் சொல்லிக்கொடுத்தால் வேறென்ன பெயர் கிடைக்கும்? ஏழு வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம், மூன்றிலும் தற்காலிக வேலை. நான்காவதான இங்கேதான் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. கடிதம் தட்டச்சாகித் தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போய்விட்டது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வியாழக்கிழமை காலையில் வகுப்புத் தலைவி ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"முப்பத்தொண்ணு வந்துடுச்சு டீச்சர். ரெண்டு பேரு மறந்துட்டாங்க. ஒருத்தியோட அப்பா நேர்லயே வந்துட்டாரு."

"என்னடி வந்துடுச்சு?"

"சம்மதச் சீட்டு! முப்பத்தொரு வீட்லயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

கதை எழுத அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே ஒன்றுதான்: "ஒரே ஒரு பொய் சொல்லுங்க. மத்ததெல்லாம் அச்சு அசல் நிஜமா இருக்கணும்." அதற்கு மாதிரியாகத்தான் ஒரு சுற்றறிக்கை தயாரித்தாள். பள்ளியின் பெயர், முத்திரை, வழக்கமான விறைப்பான நடை, எல்லாம் நிஜம். பொய் ஒன்றுதான்: வரும் திங்கள் முதல் வாசலில் ஓர் இயந்திரம் நிறுத்தப்படும்; உள்ளே வரும் மாணவர்களின் தலையிலிருந்து படிப்புக்கு உதவாத எண்ணங்களை அது எடுத்துவிடும்; 'எடுக்கப்படும் எண்ணங்கள் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டா.' அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு சீட்டு. அந்தத் திங்களன்று என்ன நடந்தது என்று வீட்டில் கற்பனையாக எழுதி வரச் சொன்னாள். விளையாட்டுப் பிள்ளைகள் சீட்டைப் பெற்றோரிடம் நீட்டிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய வம்பு வேறு ஒன்று இருந்தது. இந்தப் பள்ளியில் எந்தத் தாளை நகலெடுக்கவும் தலைமை ஆசிரியையின் சுருக்கொப்பம் வேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே அவர் ஒரு கட்டுத் தாளில் மளமளவென்று போட்டுத் தள்ளியபோது, நடுவில் இதுவும் இருந்தது. படித்துவிட்டுத்தான் போடுகிறார் என்று அவள் நம்பினாள்.

"பெரிய மேடம் உங்களை வரச் சொன்னாங்க," என்று அலுவலக உதவியாளர் வந்து நின்றார். "முகம் சரியில்ல. பார்த்துப் பேசுங்க."

சம்மதச் சீட்டுக் கட்டைக் கையில் பிடித்தபடியே அவள் போனாள். தலைமை ஆசிரியைக்கு எதிரே நீலச் சட்டையில் ஒருவர் உட்காராமல் நின்றிருந்தார்; நேராக வேலைக்குப் போகிறவர் போல, சட்டைப் பையில் டெஸ்டர் தெரிந்தது. மேசையில் அந்தச் சுற்றறிக்கை. பக்கத்திலேயே அவளுடைய கடிதம்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்ம்மா," என்றார் அவர். "சோதனைத் தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டா எங்க தொழில்ல ஆளு செத்துப்போவான். அதனால இதையும் படிச்சேன். பொண்ணு கதைன்னு சொல்றா. கதைக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

"என் பார்வைக்கு வராம இங்கேருந்து ஒரு துண்டுத் தாள் வெளிய போகாது சார்," என்றார் தலைமை ஆசிரியை. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டு நகல் எடுத்தீங்க?"

உங்களைக் கேட்டுத்தான் என்று இந்த மனிதர் முன்னால் சொன்னால், அந்தக் கடிதம் இரண்டாகக் கிழியும். சொல்லாவிட்டால் பழி முழுவதும் அவள் தலையில். அப்போதும் கடிதம் கிழியும். ஐந்தாவது பள்ளிக்கூடம் தேட வேண்டும்.

"மேல 'கதை'ன்னு ஒரு வார்த்தை போடாதது என் தப்பு மேடம்."

"நான் கேட்டது அது இல்ல."

"அது கிடக்கட்டும்," என்றார் மெக்கானிக். விரலைத் தாளின் மூலையில் வைத்தார். "இங்க ஒரு சுருக்கொப்பம் இருக்கே, இது யாருது?"

தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பார்த்தார். நிமிர நேரமானது.

"என்னுதுதான்," என்றார். "படிக்கல."

மெக்கானிக் டீச்சரைப் பார்த்தார். அவள் சீட்டுகளின் கட்டை மேசையில் வைத்தாள். "இவங்களும் படிக்கல சார். முப்பத்தொரு பேரு."

"முப்பத்தொண்ணா?" அவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். "அப்போ நிஜமாவே ஒரு மிஷினைக் கொண்டாந்து நிறுத்தினா?"

"அதைத்தான் பிள்ளைங்க எழுதிட்டு வரணும்."

"என் பொண்ணு எழுதல. நான் தாளைப் பிடுங்கிட்டேன்." அவர் எழுந்தார். "மேல கதைன்னு போட்டுடுங்க டீச்சர். நேத்து முழுக்க எனக்கு வேலையே ஓடல." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் நின்றாள். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியை அவளுடைய கடிதத்தை எடுத்து, விரலை ஒவ்வொரு வரியின் அடியிலும் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"நீங்க எப்போலேருந்து கணக்கு டீச்சர்?"

"மேடம்?"

"கணக்கு ஆசிரியையாக நிரந்தரம்னு அடிச்சிருக்காங்க. இன்னிக்கு இதையும் அப்படியே போட்டிருப்பேன்." கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "திரும்ப அடிக்கச் சொல்றேன். நாளைக்கு வாங்க. படிச்சுட்டுத்தான் போடுவேன்."

அது வாக்குறுதியா மிரட்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வகுப்பு மணி அடித்தது. அவள் சீட்டுகளின் கட்டை எடுக்கப் போனாள்.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றார் தலைமை ஆசிரியை. "படிக்காம போட்டது யார் யாருன்னு பார்க்கணும்."