பாசஞ்சரைத் தோற்கடித்த கார்

ஓடாத எதைப் பார்த்தாலும் என் சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிடும். தாம்பரத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறம் ஓடாத மொபெட், சுற்றாத மின்விசிறி என்று அவருடைய ஆசைகள் குவிந்து கிடந்தன. எண்பதுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, ஒரு கிழட்டுக் குட்டிக் கார் வந்து சேர்ந்தது. அது ஓடியது. ஆனால் கொஞ்சம் விரட்டினால் போதும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்.

அப்பா ரயில் ஓட்டுபவர். விழுப்புரத்திலிருந்து மாலையில் தாம்பரம் வரும் பாசஞ்சர் அவருடையது. அது ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை என்பதில் அவருக்குக் கர்வம். தம்பி இப்படியே பழைய இரும்போடு நின்றுவிடுவானோ என்று கவலை. ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, சித்தப்பா தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் அதை நினைவுபடுத்துவார். ஒருநாள் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"உன் ரயிலை என் கார் தாண்டிட்சின்னா அந்த ஃபாரத்தைக் கிழிச்சிப் போட்டுடறியாண்ணா?"

"அந்த டப்பாவா? கிழிச்சிடறேன். தாண்டலேன்னா மறுநாளே நீ கையெழுத்துப் போடணும்."

பல்லாவரம் கல்குவாரியில் செத்துக் கிடந்த ஒரு லாரியிலிருந்து சித்தப்பா டர்போவைக் கழற்றி வந்தார். பெரிய இரும்பு நத்தை மாதிரி இருந்தது. என்ஜின் வெளியே துப்பும் புகை அதற்குள் ஒரு விசிறியைச் சுற்றுமாம். அந்த வேகத்தில் மறுபக்கத்து விசிறி சுற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்குமாம். வேண்டாமென்று விரட்டிய புகையே திரும்பி வந்து வேலை செய்வது எனக்கு மாயாஜாலமாகப் பட்டது. புதுப்பேட்டையில் பொறுக்கிய வளைவுக் குழாய்களும் பம்புசெட் ரப்பரும் சேர்ந்துகொண்டன. காற்று நுழையும் வாய்க்கு அம்மாவின் பால்பவுடர் டப்பா, அதன்மேல் கொசுவலை. லாரியின் டர்போ என்பதால் அது விழித்தெழவே நேரமாகும், அதுவரை பழைய கார்தான், எழுந்துவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது என்றார் சித்தப்பா. அவரைப் பற்றியும் அம்மா ஏறக்குறைய இதையேதான் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டலூரில் மிருகங்களைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மிருகங்களைத் தாண்டிக் கூடுவாஞ்சேரி வரை போய், தண்டவாளத்தை ஒட்டிச் சாலை போகும் இடத்தில் தாம்பரத்தைப் பார்த்து நின்றோம். நான் சித்தப்பாவுக்குப் பின்னால், ரயில் பக்கத்து ஜன்னலில். ஏரித் தண்ணீரில் வெயில் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது.

ரயில் வந்தது. சித்தப்பா காரைக் கிளப்பினார், ஆனால் ரயில் எங்களை விட்டுவிட்டுப் போகத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக முகங்கள் கடந்தன. திடீரென்று கார் மெல்லிய குரலில் விசிலடித்தது. அதன்பின் சக்கரங்கள் தரையில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. கனவில் பறப்போமே, அப்படி. கடந்துபோன முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பின்னால் போயின. பனைமரங்களும் போயின. நான் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தேன். எதிரே வரும் லாரிகளின் காற்று கன்னத்தில் பளார் பளாரென்று அறைந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததேயில்லை. சித்தப்பாவோ சாலையை விட்டுவிட்டு ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜினை எட்டிவிட்டோம். ஜன்னலில் அப்பா. கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மேலும் கீழுமாக அசைத்தார். ரயில்வேக்காரர்கள் அப்படிக் காட்டினால் வேகத்தைக் குறை என்று பொருள். இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்று நான் இரண்டு கைகளையும் வீசி டாட்டா காட்டினேன். உடனே, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல், ரயில் பின்தங்கத் தொடங்கியது. சித்தப்பா கத்திக் கூச்சலிட்டு, ஆக்ஸிலரேட்டரில் அழுத்தியிருந்த காலைத் தளர்த்தினார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும், "அப்பா தோத்துட்டாரு!" என்று சுற்றிச் சுற்றி ஆடினேன். அவர் விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இனிமே இவளை முன்சீட்ல இடது பக்கமா உட்கார வைடா," என்றார் சித்தப்பாவிடம். ஜெயித்த சித்தப்பா ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனார் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு வெள்ளைத் தாளில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார். ரயில் தாமதமானதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டிருந்தார். அப்பாவுக்கு அதுதான் முதல் முறை.

"இன்னாப்பா எழுதறே?"

"எதிர்க்காத்து ஜாஸ்தின்னு."

"ஆமாம்பா, ரொம்பக் காத்து. லாரி வர்றப்பல்லாம் என் மூஞ்சியிலயே அடிச்சுது."

பேனா நின்றுவிட்டது. அப்பா என் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தோற்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு, "அடுத்த தடவை நீதாம்பா ஜெயிப்பே," என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.