மாமன் மேல் ஒரு பிராது

சொந்தத் தாய்மாமன் மேலேயே சாமியிடம் பிராது கொடுத்தவள் நான். அப்போது ஏழாம் வகுப்பு. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஆடு காணாமல் போனாலும் அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறானாலும், போலீஸுக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் மணவாளநல்லூர் முருகனிடம்தான் போவோம். குறையைத் தாளில் எழுதிச் சுருட்டி, கோயில் வேலில் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை.

மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். மிலிட்டரியில் இருந்தவர். பனிமலையில் வண்டி கவிழ்ந்து கால் நொறுங்கி, யார் யாருடைய ரத்தமோ ஏற்றிப் பிழைத்தவர். சில வருஷம் கழித்து, உடம்பு சரியில்லை என்று பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். இரண்டு தெரு தள்ளித் தனி அறை, சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். பிளேடு, நகவெட்டி, துண்டு எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். ஒருநாள் அவசரத்துக்கு அப்பா ஷேவிங் செட் கேட்டபோது முகத்துக்கு நேராக முடியாது என்றுவிட்டார். கேன்டீன் ரம்மைச் சொந்தக்காரர்களுக்கு வாரிக் கொடுப்பவர், தான் ஒரு சொட்டுத் தொடமாட்டார். எல்லாம் மிலிட்டரித் திமிர் என்பார் அப்பா. நாங்களும் அப்படியே நம்பினோம்.

தம்பிக்கு மூன்று வயதில் அதே கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். பெண்ணாடத்திலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கியிருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும். மாமா புதுவேட்டி கட்டி, தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காது குத்த வந்திருந்த பத்தர் ஊசியைக் காதருகே கொண்டுபோனதும் பயல் தலையை ஒரு உதறு உதறினான். ஊசி அவன் காதைக் கீறிவிட்டு மாமாவின் கட்டைவிரலில் ஏறியது. இரண்டு பேருக்கும் துளி ரத்தம். பத்தர் சிரித்துக்கொண்டே ஊசியை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் காதைப் பிடித்தார்.

மாமா ஊசியை அவர் கையிலிருந்து பிடுங்கினார். தம்பியைத் தூக்கி என்னிடம் தள்ளிவிட்டு, ஊசியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்து நடந்தார்.

"டேய், எங்கடா போற? நல்ல நேரம் முடியப் போவுதுடா!" என்று அம்மா கத்தினாள். அவர் திரும்பவே இல்லை.

பத்தரிடம் வேறு ஊசி இல்லை. ஆள் போய்க் கொண்டுவருவதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. கடைசியில் பெரியப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள். "தாய்மாமன் மடியிலேருந்து எறக்கிவுட்ட புள்ள" என்று அத்தை பந்தியிலேயே தொடங்கிவிட்டாள். அம்மா சாம்பார் வாளியோடு நின்று அழுதாள்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வேலில் பிராது கட்டினேன். எதிராளி, என் மாமா. குற்றம், அம்மாவை அழவைத்தது. அவர் இனி எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. சாமிக்கு ஆளைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கக்கூடாதென்று கம்பெனி விலாசத்தையும் தெளிவாக எழுதியிருந்தேன்.

சாமி தொண்ணூறு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே சாப்பிட வந்த மாமாவை அம்மா வாசலிலேயே நிறுத்தி, தனக்குத் தம்பியே இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் பிராதில் பள்ளிக்கூடத்தைச் சேர்க்க மறந்திருந்தேன். மாமா அங்கே வர ஆரம்பித்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, கையில் விளிம்பு உடைந்த பீங்கான் பொம்மை ஒன்றோடு, தாங்கித் தாங்கி நடந்து வருவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பாப்பா, தம்பி நல்லா சாப்புடுறானா? கண்ணு கிண்ணு மஞ்சளா இருக்குதா?"

"இல்லீங்க மாமா."

நான்கைந்து மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலையில் அத்தை வந்து பழைய கதையைக் கிளறிவிட்டுப் போக, அம்மா மறுபடியும் அழுதாள். அன்று சாயங்காலம் மாமா கேட்டபோது பொம்மையை வாங்காமல் சொன்னேன்:

"ஆமா, மஞ்சளாத்தான் இருக்குது."

"நெசமாவா சொல்ற? எத்தினி நாளா?"

"ஒரு வாரமா." பொய்க்குக் கணக்கு ஒன்று இருந்தால் பலமாக இருக்கும் என்று தோன்றியது.

பீங்கான் யானை கீழே விழுந்து உடைந்தது. அந்தக் காலோடு அவர் ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் தம்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண், அடுத்த கண், மறுபடியும் முதல் கண். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்து, பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"குடிச்சிட்டு வந்துருக்கியாடா?" என்றாள் அம்மா.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றார். "போயிட்டு வரேன்."

அதன்பிறகு அவர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் தீப்பெட்டிக்குள் அந்த ஊசியும், பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றும் இருந்தன. அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். ஈரலில் தீராத வைரஸ் கிருமி. ரத்தத்தில் தொற்றும். பிளேடு, ஊசி எதையும் பிறருடன் பகிரக்கூடாது. தொற்றினால் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். அம்மா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்ததுண்டு. ஆனால் மிலிட்டரிக்காரன் ரத்தத்தில் கிருமி என்றால் அந்தக் காலத்து ஊர் ஒரே ஒரு நோயைத்தான் நினைக்கும். அக்கா வீட்டையும் சேர்த்து ஒதுக்கும். அதைவிடத் திமிர் பிடித்தவன், குடிகாரன் என்ற பெயரே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பிராதைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. நான் போகவில்லை. யாருக்காகப் போவது?

ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அன்று வாசலில் மாமா என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய கண்கள்தான் மஞ்சளாக இருந்தன. நான் நன்றாகவே பார்த்தேன். அத்தனை மாதமாக மஞ்சளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த மனிதரிடம், உங்கள் கண் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சாயங்கால வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.