அடி இல்லாத பானைகள்

நேற்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் கல் பதிந்த சின்னக் குழிகள் விரலில் பட்டதும், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் பானை வனையும் கொட்டகையின் டப், டப் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது. சக்கரத்திலிருந்து அப்பா அறுத்தெடுக்கும் பானைக்கு அடியே இருக்காது. பாதி காய்ந்ததும் அம்மாதான் அதை மடியில் கிடத்தி, உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மதியச் சோறு ஆறிப்போய் சாயங்கால ரயில் கூவுகிற வரைக்கும், மண்ணை இழுத்து ஓட்டையை மூடிக்கொண்டிருப்பாள். வாங்க வருகிறவர்கள் அப்பாவின் கையைத்தான் புகழ்வார்கள். "அவ சும்மா தட்டிக் குடுக்கா, அவ்வளவுதான்" என்பார் அவர். அடி இல்லாவிட்டால் தண்ணீர் எதில் நிற்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு கோடையில் அம்மாவின் மணிக்கட்டு வீங்கி, பலகையைத் தூக்க முடியாமல் போனது. அப்பா சக்கரத்தை நிறுத்தவில்லை. அடி இல்லாத பானைகள் வரிசையாக நின்று காய்ந்து, இனித் தட்டவே முடியாதபடி இறுகிப்போயின. சரக்கு கேட்டு வந்த கடைக்காரரிடம், அம்மாவின் காதுபட, அப்பா சொன்னார்: "இந்தத் தடவ மண்ணு சரியில்ல, அண்ணாச்சி."