இருப்பு முப்பத்திரண்டு

தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் முப்பத்திரண்டு. அதை வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். எழுபத்தொரு வயதிலும் தன் வாயில் முப்பத்திரண்டும் சொந்தப் பல் என்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தினமும் அறிவித்துக்கொண்டிருந்தால், கேட்கிறவர்கள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

முப்பத்துநான்கு வருடம் பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போல்ட், நட்டு, பேரிங், பிரேக் லைனிங் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வாஷர் குறைந்தது என்று எந்தத் தணிக்கைக்காரரும் எழுதியதில்லை. அதற்கு அவர் கைவசம் ஒரு விதி இருந்தது. உடைந்த சாமானை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் 'கண்டம்' செய்யவேண்டும், அதாவது இனி உதவாது என்று தள்ளவேண்டும். தள்ளும்வரை, அது தூளாகப் போயிருந்தாலும் இருப்புதான். அவர் காலத்தில் கண்டம் ஆனது கொஞ்சம், மூலையில் துருப்பிடித்துக் குவிந்தது மலையளவு. ஏடு மட்டும் படு சுத்தம்.

ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சமையலறையில் கரண்டிகளை எண்ணப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் வாய்க்குள் இறங்கினார். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, இருப்பு முப்பத்திரண்டு என்று மனதுக்குள் பதிந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எழுந்ததும் கடையில் கிடைப்பதிலேயே முரடாகப் பார்த்து வாங்கிய பிரஷ்ஷை எடுத்து, மரம் அறுப்பதுபோலக் குறுக்கே இழுப்பார். துப்பினால் எச்சில் சிவப்பாக வரும். "அழுக்கு போகுது" என்பார்.

மனைவிக்கு அறுபது வயதிலேயே பல்செட். தன் வாய் இத்தனை சிறப்பாக இருக்கும்போது பக்கத்து வாயை அவர் சும்மா விடுவாரா? அன்றிலிருந்து அவள் பெயர் 'செட்டு'. "செட்டு, தண்ணி கொண்டா" என்று விருந்தாளிகள் முன்னாலும் கூசாமல் கூப்பிடுவார். அவள் அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த ஒருநாள் எட்டிப் பார்த்து, "மூஞ்சி காத்துப் போன டயர் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பத்துப் பதினொரு வருடமாக அவள் அவர் கண்ணெதிரே கழற்றியதே இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. அது இருப்பு ஏட்டில் வராத விஷயம்.

முதல் பல் மூன்று வருடத்துக்கு முன்னால் விழுந்தது. கடைவாய்ப் பல், சொத்தை கிடையாது, விரிசல் கிடையாது, முழுசாக வேரோடு கையில் வந்தது. இன்னொருவராக இருந்தால் பதறியிருப்பார். இவர் அதைக் கழுவித் துடைத்து, பழைய வாஷர் டப்பா ஒன்றில் போட்டு மூடி அலமாரியில் வைத்தார். கண்டம் ஆகவில்லை, ஆகவே இருப்பில் இருக்கிறது. அடுத்தது விழுந்தது. அதுவும் டப்பாவுக்குப் போனது. வாயில் இருபத்திமூன்று, டப்பாவில் ஒன்பது என்று ஆனபிறகும் பெஞ்சில் அவர் முப்பத்திரண்டுதான் சொன்னார். மனசாட்சி ஒரு துளி உறுத்தவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எல்லாம் உள்பக்கத்துப் பற்கள், வெளியே தெரியவில்லை. சாப்பாட்டை மெல்லாமல் விழுங்கினார், வயிறு வலிக்கிறது என்று சமையலைக் குறை சொன்னார்.

அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தலையணை உறையில் ரத்தக் கறையைத் துவைப்பவள் அவள்தானே.

"ஏங்க, ஒருதடவ பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

"நானா? செட்டு கோஷ்டி போற இடம் அது."

ஒருநாள் காலை, பெஞ்சுக்காரர்களில் ஒருவர் பையிலிருந்து கொய்யாக்காய் ஒன்றை எடுத்து நீட்டினார். "முப்பத்திரண்டு, எங்களுக்குத்தான் முடியல. நீங்க கடிச்சுக் காட்டுங்க." கல் மாதிரி காய். மறுத்தால் மானம் போகும் என்று கடித்தார். காயை வாயிலிருந்து எடுத்தபோது முன்பல் அதிலேயே நின்றுகொண்டிருந்தது. பெஞ்சு முழுக்க எட்டிப் பார்த்தது. மனிதர் அசரவில்லை. பல்லைப் பிடுங்கித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்கயும் போகல, இருப்புலதான் இருக்கு" என்றார். பேசும்போது சொல்லோடு காற்றும் சேர்ந்து வந்தது. சிரிப்பு பூங்கா வாசல்வரை கேட்டது.

அன்று மத்தியானமே மனைவியோடு பல் டாக்டரிடம் போனார். டாக்டர், அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். இவர் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்து, "இதையெல்லாம் திரும்ப மாட்ட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. வாயைப் பார்த்தாள், படம் எடுத்துப் பார்த்தாள்.

"பல்லுல ஒரு குறையும் இல்ல ஐயா. ஈறுதான் போச்சு. அடியில எலும்பு கரைஞ்சிருக்கு. ரத்தம் வர்றது அழுக்கு போறது இல்ல, ஈறு கெடுது. முதல் பல்லு விழுந்தப்பவே வந்திருந்தா பாதியாவது காப்பாத்தியிருக்கலாம். இப்ப ஒண்ணுகூட நிக்காது."

கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கடைசி நாள், வாய் நிறையப் பஞ்சோடு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, டாக்டர் அவருடைய மனைவி பக்கம் திரும்பினாள். "நீங்களும் செட்தானேம்மா? கழட்டிக் காட்டுங்க."

அவள் தயங்கினாள். டாக்டர் விடவில்லை. அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து கழற்றினாள்.

"மேல்வாய் பூரா புண்ணா இருக்கே. ராத்திரி கழட்டித் தண்ணில போட்டு வைக்கிறதில்லையா?"

"இல்ல."

"ஏம்மா? கழட்டச் சொல்லியிருப்பாங்களே."

"கழட்டினா சிரிப்பாரு."

அவருக்கு ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது. வாயில் பஞ்சு. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒரு விஷயத்தைப் பதில் பேசாமல் முழுசாகக் கேட்டார். நன்றாக வலித்தது, மருந்து மரத்துப்போகச் செய்யாத இடத்தில்.

இரண்டு மாதம் குழைந்த சோற்றில் ஓடியது. பிறகு செட் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்து எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இருபத்தெட்டுதான் இருக்கு. நாலு குறையுது."

"கேட்டுட்டேன். கடைசி நாலு ஞானப்பல்லாம். செட்ல அதை வைக்கிறதில்லையாம்" என்றாள் மனைவி. "அது வாயில இருந்தப்பவும் உங்களுக்கு ஒண்ணும் உதவலையே."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து டப்பாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வந்தார். கோடு போட்டு, 'பல், முப்பத்திரண்டு, கண்டம்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார். இரண்டாவது கையெழுத்து வேண்டுமே.

அவள் வாங்கவில்லை. முதலில் அவரைப் பார்த்தபடியே தன் செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். கன்னம் உள்ளே விழுந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு விட்டுப்போச்சு, எழுதுங்க" என்றாள். பல்லில்லாத வாயிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் வந்தது. "செட்டுங்கிற பேரு, ஒண்ணு."

எழுதினார். அவள் அருகில் வந்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். 'கண்டம்' என்ற சொல் விட்டுப்போயிருந்தது. அதையும் எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.