அம்மா குரலில் ஒரு வரி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது.

கதைப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது என் வேலை. தாய் ஆடு மாதிரிக் குரலை மாற்றிப் பேசி, ஓநாய் குட்டிகளை ஏமாற்றுமே, அந்தப் பழைய கதைதான் அன்றைக்கு. ஆனால் யாரோ அதைத் திகில் கதையாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். அதில் ஓநாயே கிடையாது. கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் மட்டும் வரும்.

வீட்டில் என் எட்டு வயது மகள் காய்ச்சலோடு தனியாக இருந்தாள். என் குரல் கேட்டால் மட்டும் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நான்கு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். மிச்சம் ஒரே ஒரு வரிதான்.

"கண்ணு, அம்மா வந்திருக்கேன். கதவைத் திற."

ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். மனுஷனுக்குப் பாம்புக் காது. பின்னால் ஏதோ சத்தம், இன்னொரு தடவை வாசியுங்கள் என்றார். ஏசியை அணைத்தோம். வளையலைக் கழற்றினேன். மறுபடி வாசித்தேன். மறுபடியும் சத்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி 3.40.

"யாரோ நடக்குற மாதிரி இருக்குங்க. சின்னக் காலு."

"நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?" என்று எரிந்து விழுந்தேன். பாழாய்ப்போன ஒரு வரிக்காகப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நிற்கிறேனே என்று அழுகையே வந்துவிட்டது.

3.52. அடுத்த தடவை காலடிச் சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்டதாம்.

3.58. கடுப்போடு வாசித்து முடித்தேன். இந்தத் தடவை ஹெட்போனில் எனக்கே கேட்டது...

டக்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். போதும், இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "கண்ணு, அம்மா வந்திருக்கேன்."

மறுபடி தட்டினேன். பிறகு...

"அம்மா உள்ள இருக்காங்க. நீங்க யாரு?"

கெஞ்சினேன். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் திறந்தாள்.

வீடு முழுக்கத் தேடினேன். யாரும் இல்லை. ஆனால் அவள் நெற்றியில் ஈரத்துணி... அப்போதுதான் பிழிந்து போட்டது.

மறுநாள் ஒலிப்பதிவாளர் கூப்பிட்டார். கடைசியில் நான் சொன்ன வார்த்தை புத்தகத்தில் இல்லையே, வெட்டிவிடவா என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லையே. போட்டுக் காட்டச் சொன்னேன்.

டக்.

பிறகு என் குரல்... மெதுவாக.

"சமத்து."