பின் சீட்டின் இடது ஓரம்

அவர் ஏறாத சொகுசுக் கார் இல்லை. ஏறியதெல்லாம் முட்டி போட்டபடி, வாயில் ஊசியோடு. முப்பது வருடமாகப் பிறர் கார்களுக்குத் தோல் சீட் தைக்கிறவர். இடது கைக்காரர் என்பதால் கடையில் எல்லோருக்கும் 'பீச்சாங்கை அண்ணன்'. ஒருநாளாவது சொந்தக் காரில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம்.

அன்று மனைவியோடு ஷோரூமுக்குப் போனார். கறுப்புக் கார், ஆறு வயது. நூற்று அறுபது இடங்களைப் பரிசோதித்துக் கம்பெனியே சான்றிதழ் தந்திருப்பதாக விற்பனையாளர் தேனொழுகச் சொன்னார். மனைவிக்கோ ஆரம்பம் முதலே சந்தேகம். ஒரு பொய் தெரிந்தாலும் எழுந்து போய்விடுவேன் என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

பழக்கதோஷத்தில் பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். விரல் அப்படியே நின்றது. இடப்பக்கம் திரும்பிய முடிச்சு. அவருடைய முடிச்சேதான்! சான்றிதழிலோ, 'சீட்: தொழிற்சாலையில் தைத்தபடியே' என்று இருந்தது.

சொன்னால் மனைவி கிளம்பிவிடுவாள், கார் போச்சு. சொல்லாவிட்டால், இத்தனை வருடம் சோறு போட்ட கையை அவரே மறைத்தது போலாகும்.

"இது கம்பெனி தைச்சது இல்ல தம்பி. நான் தைச்சது. முன்னாடி இந்தக் காரை வெச்சிருந்தவங்க வீட்டு நாய் கடிச்சுப் பிச்சு வெச்சிருந்துச்சு."

விற்பனையாளருக்குப் பேயறைந்த முகம். மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மேலாளர் ஓடிவந்து, பரிசோதகரையும் அழைத்தார். அந்த மனிதர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். தொழிற்சாலைத் தையலுக்கும் இதற்கும் தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மனைவி கைப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மீதி நூற்று ஐம்பத்தொன்பதையும் தன் கண்முன்னால் பார்க்கச் சொன்னாள். மூன்று மணி நேரம் பரிசோதகரின் நிழலாக நின்றாள். ஒரு குறையும் இல்லை. சீட் மறுபடி தைக்கப்பட்டது என்று திருத்திய சான்றிதழை வாங்கி, தானே மடித்து வைத்துக்கொண்டாள்.

அவர் முன்கதவைத் திறந்து காத்திருந்தார். அவள் பின்னால் ஏறி, இடது ஓரமாக உட்கார்ந்தாள்.

"முன்னாடி வாயேன். நான் என்ன உனக்கு டிரைவரா?"

"நீங்க ஓட்டுங்க. என் வீட்டுக்காரர் தைச்ச சீட்டுல நான் உக்காந்து வரேன்."

அவர் ஆசை தீரச் சாய்ந்துகொண்டார். சாலை கலங்கலாகத் தெரிந்தது. மழை என்று நினைத்து வைப்பரைப் போட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.