எஸ்தரம்மாள் கேட்ட மூன்றாம் பகுதி

எங்கள் சபையின் குறிப்பேட்டில் அண்மையில் ஒரு வரி ஏறியிருக்கிறது: "தாய்மார் ஞாயிறன்று ஆராதனையின் இடையே ஆண்கள் பக்கத்தில் சிறிது சலசலப்பு உண்டாயிற்று." அவ்வளவே. அதை எழுதியவன், மூப்பர் குழுவின் செயலாளனாகிய நான்தான். வரியில் பொய் இல்லை. ஆனால் உண்மையும் மிகுதியாக இல்லை. பின்னாளில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஆம்பூர்க் கிறிஸ்தவர்கள் ஆலயத்துள் கைகலந்தார்கள் போலும் என்று எண்ணிவிடலாகாது அல்லவா? ஆகவே, நடந்ததை நடந்தவாறே இங்கு எழுதி வைப்பது என் கடமையாகிறது.

எஸ்தரம்மாள், தோல் பதனிடும் சாலையில் மேஸ்திரியாக இருக்கும் ஞானமுத்துவின் மனைவி. ஐந்து மக்களின் தாய். மூத்தவனுக்கு வயது ஒன்பது. கடைக்குட்டிக்கு எட்டு மாதம். மணத்துக்கு முன் மிஷன் பள்ளியில் நன்கு படித்தவர். அவர் மாவரைக்க அமர்ந்தால் ஆட்டுக்கல்லைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர் சொல்லும் கதைகள் அத்தகையவை.

ஞாயிறு பள்ளியில் சிறுமியர் வகுப்பை நடத்தி வந்த பெண் மணமாகி ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டாள். அவ்விடத்தை எஸ்தரம்மாள் விரும்பினார். தமக்கென்று அவர் எதையேனும் விரும்பியது அதுவே முதன்முறை என்று பின்னர் அறிந்தேன்.

விரும்பினால் போதுமா? மூப்பர்கள் எதற்கு இருக்கிறோம்? சென்ற ஞாயிற்றின் அருளுரையில் வந்த மூன்று பகுதிகளைச் சொல்பவரே ஆசிரியராகலாம் என்பது எங்கள் விதி. எங்கள் போதகர் எப்பொருளையும் மூன்றாகப் பகுத்தே பேசுவார்.

தலைமை மூப்பர் சாலமோன் தொண்டையைச் செருமிக்கொண்டு தேர்வைத் தொடங்கினார்.

"போன வாரம் மூணு பகுதி இன்னான்னு சொல்லும்மா."

முதற்பகுதியை எஸ்தரம்மாள் வசன எண்களோடு ஒப்பித்தார். போதகரே வியந்தார்.

"ரெண்டாவது?"

"தெரியாதுங்க ஐயா. பாப்பா அழுவும், நான் வெளிய போய்டுவேன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுலயும் மொதல் பகுதி சொல்றேங்க."

"இன்னாம்மா இது, எல்லா வாரமும் மொதல் பகுதிதானா?"

"ஒம்போது வருசமா அப்பிடித்தாங்க."

அழும் குழந்தையை வைத்திருப்பவர் உடனே வெளியேற வேண்டும் என்பது ஆலயத்தின் மற்றொரு விதி. அதை இயற்றியவர் யார் என்று வாசகர் கேட்க வேண்டா. என் கையெழுத்து அழகானது; அவ்வளவு சொன்னால் போதும். வெளியே புங்க மரத்தடியில் தாய்மார் கூட்டம் ஒன்று வாரந்தோறும் அமர்ந்திருக்கும். உள்ளே இரண்டாம் பகுதி நடக்கும்.

"கவனக் குறைவு" என்று எழுதிக்கொண்டோம். எனினும் சாலமோன் பெருந்தன்மை காட்டினார்.

"வர்ற ஞாயிறு தாய்மார் ஞாயிறு. 'தாயின் மனநிறைவு'ன்னு தலைப்பு. உனக்குன்னே வச்ச மாதிரி இருக்குது. முழுசாக் கேட்டுட்டு வா, பாக்கலாம்."

கைக்குழந்தையோடு எப்படி முழுவதும் கேட்பது? அக்கேள்வி எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்டுதோறும் தாய்மாருக்கென்றே ஆற்றப்படும் அவ்வுரையைக் கடைசிவரை கேட்பவர்கள் நாங்கள்தாம். தாயின் மனநிறைவு எதில் உள்ளது என்று கேட்டு, நாங்கள் மனநிறைவோடு வீடு திரும்புவோம்!

அந்த ஞாயிறும் வந்தது. போதகர் முதற்பகுதியாகப் பொறுமையை விளக்கி முடிக்கவும் எஸ்தரம்மாளின் குழந்தை குரலெடுக்கவும் சரியாக இருந்தது. ஆலய ஊழியர் வழக்கம்போல் வாசலைச் சுட்டினார். எஸ்தரம்மாள் எழுந்தார். வாசலை நோக்கி அல்ல; நடுப்பாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்தார். குழந்தையைக் கணவன் மடியில் வைத்தார்.

"இந்தாங்க, புடிங்க."

"ஏய், இன்னாடி இது? எனக்கு இதெல்லாம் வராது!"

"நாப்பது ஆளை மேய்க்கறீங்களே. இது ஒரு ஆளுதான்."

திரும்பிச் சென்று பாயில் அமர்ந்து போதகரை நிமிர்ந்து நோக்கினார். குழந்தையோ வீறிட்டது. ஊழியர் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். விதியில் "வைத்திருப்பவர்" என்றுதான் இருக்கிறது. "தாய்" என்று இல்லை. தோல் சாலையின் சுண்ணாம்புக் குழியருகே நின்று அதட்டினால் ஆட்கள் நடுங்கும் ஞானமுத்து, மடித்த துணியில் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏந்துவதுபோல் மகளை ஏந்திக்கொண்டு வெளியேறினார்.

அதன் பின்னர்தான் குறிப்பேடு கூறும் சலசலப்பு. ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். சாலமோனின் மருமகள் அவர் கையில் பேரனைத் திணித்தாள். மற்ற மூப்பர் மூவரும், ஆண்கள் பக்கத்தில் இருந்த பிறரும் தப்பவில்லை. நான் சிரிக்க எண்ணிய கணத்தில் என் மகள் எதிரே நின்றாள்.

"அப்பா, இவன கொஞ்சம் புடிங்க. இன்னிக்கு நான் கேக்கணும்."

என் பேரனுக்கு என் மூக்குக் கண்ணாடி பிடித்திருந்தது. அதை நான் பிடுங்கினேன். மரத்தடிக்குப் போனேன்.

அங்கே இருந்த கோலத்தை என்னென்று உரைப்பேன்! ஞானமுத்து குலுக்கினார், ஊதினார், சொடக்குப் போட்டார்.

"பால் குடிச்சிட்டுத்தான் வந்துது. இன்னாத்துக்கு அழுவுதுன்னே தெரியலயே!"

"பேஜாரு புடிச்ச வேலைய்யா," என்றார் சாலமோன், நனைந்த வேட்டியைப் பிழிந்தவாறு. "வாரா வாரம் எப்பிடித்தான் உக்காந்திருக்காங்களோ?"

அவ்வழியே தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையை ஏற்றிக்கொண்டு ஞானமுத்துவின் தோல் ஷாப்புக்குப் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான்.

"இன்னா மேஸ்திரி, மொதலாளி சாயபு இதுக்குத்தான் உங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு குடுத்தாரா?"

ஞானமுத்து குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை, போதகர் இல்லத்தில் மறுதேர்வு. முதற்பகுதி பொறுமை, இரண்டாம் பகுதி ஜெபம் என்று எஸ்தரம்மாள் தடையின்றிச் சொன்னார்.

"மூணாவது?" என்றார் சாலமோன்.

"மூணாவது, தாய்க்கு மனநிறைவு வரணும்னா வூட்ல இருக்கறவங்க அவ பாரத்தைக் கொஞ்சம் தூக்கணும். தகப்பன் புள்ளைய வச்சிக்கறதும் ஊழியந்தான். கர்த்தர் குடுத்த தெறமைய அடுப்பங்கரையில பூட்டி வைக்கக் கூடாது."

சரியா, தவறா? சாலமோன் என்னைப் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்த்தேன். தேர்வாளர் ஐவருள் ஒருவரேனும் மூன்றாம் பகுதியைக் கேட்டிருந்தாலல்லவா!

"போதகரய்யா, நீங்க அப்பிடியா சொன்னீங்க?"

போதகர் வாய் திறக்குமுன், காப்பித் தட்டோடு வந்த அவருடைய மனைவியார் முந்திக்கொண்டார்.

"ஆமா, அப்பிடித்தான் சொன்னாரு. நான் உள்ளதான இருந்தேன்?"

போதகர் தம் மனைவியாரை நோக்கினார். பிறகு காப்பியை நோக்கினார்.

"ஏறக்குறைய…" என்றார்.

சிறுமியர் வகுப்பு எஸ்தரம்மாளுக்கு ஒருமனதாக வழங்கப்பட்டது. விதியில் "தாய்" என்னும் சொல்லைச் சேர்த்துவிடலாம் என்று சாலமோன் முன்மொழிந்தார். வழிமொழிவார் இல்லை. அவரவர்க்கும் வீட்டில் இராவுணவு காத்திருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் எஸ்தரம்மாள் பாடம் நடத்துகிறார். மேஸ்திரி கடைசிப் பாயில் மகளோடு அமர்ந்து பாடம் கேட்கிறார். முன்னினும் நன்றாகப் பிடிக்கிறார்.

மூன்றாம் பகுதி பற்றி நான் எழுதியதில் பிழை இருப்பின், அன்று ஆலயத்துள் இருந்த தாய்மார் திருத்தி எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆடவர் எழுத வேண்டா… நாம் எல்லாரும் வெளியே இருந்தோம்.